ஒரே கட்டிக்கு மூன்று பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு வயது 58. அடிவயிறு கனக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் 9 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. கர்ப்பப்பையிலிருந்து வெளியே தொங்கும் ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத தசைக்கட்டி) என்று எழுதினார்கள். ஆபரேஷனில் பார்த்தால் கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை, கட்டி சிறுகுடலோடு ஒட்டி இருந்தது. அந்தக் குடல் துண்டோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். முதல் லேப் ‘மென்தசைக் கட்டி, லியோமயோசர்கோமாவாக இருக்கலாம்’ என்றது; குடல், கர்ப்பப்பை போன்றவற்றின் சுவரில் இருக்கும் மென்தசையில் வரும் கேன்சர் அது. அவர்கள் செய்த இம்யூனோவில், அதாவது செல்லில் இன்ன புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனையில், எஸ்.எம்.ஏ. என்ற சாயம் மட்டும் பாசிட்டிவ் என்று இருக்கிறது. இரண்டாவது லேப் ‘ஜிஸ்ட்’ (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி) என்றது; அதில் சிடி117 என்ற சாயம் மங்கலாகப் பாசிட்டிவ், டாக்1 என்ற இன்னொரு சாயத்தைச் செய்யவே இல்லை. தெரிந்த சர்ஜன் ஒருவர் ‘டெஸ்மாய்டாகவும் (நார்த்திசுக் கட்டி) இருக்கலாம்’ என்று சொல்லியிருக்கிறார். இதில் யாரை நம்புவது என்று கேட்கிறார்.

எழுத்தில் இருப்பது இந்த ஒரு கேள்விதான். ஆனால் முழுதாகப் படித்தால் உள்ளே இன்னும் இரண்டு இருக்கின்றன: அம்மாவுக்கு இருப்பது கேன்சரா, இல்லையா? முதலில் ஃபைப்ராய்டு என்று சொன்னவர் கவனக்குறைவாக இருந்துவிட்டாரா? பெத்தாலஜி மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் மூன்றுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, எனவே இது இன்ன கட்டி என்று இங்கே முடிவு சொல்ல மாட்டேன். பார்க்காமல் சொல்பவரை நீங்களும் நம்பாதீர்கள். அந்த முடிவு எப்படி எட்டப்படுகிறது, உங்கள் அம்மா விஷயத்தில் எந்த இடத்தில் அது நின்றுபோயிருக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதற்குத்தான் பதில் எளிது. ஐம்பது கடந்த பெண்ணின் அடிவயிற்றில், கர்ப்பப்பையை ஒட்டி, திடமான, உருண்டையான கட்டி தெரிந்தால் அது ஃபைப்ராய்டாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். சிறுகுடலில் வரும் ஜிஸ்ட் பெரும்பாலும் குடலின் உள்ளே வளர்ந்து வழியை அடைப்பதில்லை, வெளிப்பக்கமாக வளரும். பெரிதானதும் தன் எடையில் இடுப்புக்குழிக்குள் இறங்கிக் கர்ப்பப்பைமேல் சாய்ந்துகொள்ளும். வாந்தி கிடையாது, மலச்சிக்கல் கிடையாது. சிலருக்கு ரத்தசோகை மட்டும் இருக்கும், அதையும் வேறு காரணத்துக்கு எழுதிவிடுவோம். அல்ட்ராசவுண்டில் இரண்டையும் பிரிப்பது நிஜமாகவே கஷ்டம். கர்ப்பப்பையிலிருந்து கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் பாலம் போலப் போகின்றனவா, சினைப்பைகள் இரண்டும் தனியாகத் தெரிகின்றனவா என்று தேடுவார்கள். பாலம் தெரியவில்லை என்றால் சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அது எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தாலும் ‘குடலிலிருந்து வந்திருக்கலாம்’ என்ற அளவுக்குத்தான் வந்திருக்கும். எப்படியானாலும் கட்டியை எடுக்கத்தான் சொல்லியிருப்பார்கள். தெரிந்து போயிருந்தால் கேன்சர் சர்ஜன் ஒருவர் உடன் இருந்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் குடல் துண்டோடு சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்றால், ஆபரேஷன் அறையில் நிலைமையைப் புரிந்துகொண்டு சரியாகவே செய்திருக்கிறார்கள். அந்த ஆபரேஷன் வீண் இல்லை.

இனி மைக்ராஸ்கோப்புக்கு வருவோம். வழக்கமான சிவப்பு-நீலச் சாயம் போட்ட ஸ்லைடில் இந்த மூன்று கட்டிகளும் நீண்டு மெலிந்த, கதிர் வடிவச் செல்களாகத்தான் தெரியும். ஒரே சீருடையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி; கூட்டம் தெரியும், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரியாது. அனுபவம் உள்ளவருக்குச் சில சாயல்கள் பிடிபடும். ஜிஸ்டில் செல்கள் நெருக்கமாக இருக்கும், இடையே நார் குறைவு. டெஸ்மாய்டில் செல்கள் விலகி, நடுவே நார் நிறைய ஓடும். வெட்டினால் கத்திக்குக் கெட்டியாக, வெள்ளையாக, சுழல் சுழலாக இருக்கும். ஜிஸ்ட் மிருதுவாக, ரத்தக்கசிவோடு இருப்பது வழக்கம். இதனால்தான் ஆபரேஷன் குறிப்பையும், லேபில் கட்டியை வெட்டிப் பார்த்தபோது எழுதிய முதல் பத்தியையும் நான் எப்போதும் கேட்பேன். நோயாளிகள் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்.

இந்தக் குழப்பம் உங்கள் அம்மாவோடு ஆரம்பித்ததல்ல. 1980-கள் வரை குடல் சுவரில் வரும் இப்படிப்பட்ட கட்டிகள் எல்லாவற்றையும் மென்தசைக் கட்டி என்றே நினைத்தார்கள். 1983-ல் மசூர், கிளார்க் என்ற இருவர் இவற்றில் பல தசையும் இல்லை, நரம்பும் இல்லை என்று காட்டினார்கள். 1998-ல் ஜப்பானில் ஹிரோட்டாவும் அவருடன் இருந்தவர்களும் இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு கெட்டுப்போய், நிறுத்த முடியாதபடி ‘பெருகு’ என்று கட்டளையிட்டுக்கொண்டே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் செல்களின் வகையைச் சேர்ந்தது இது என்பதும் அப்போதுதான் தெளிவானது. அந்தக் காலத்துக்கு முன் லியோமயோசர்கோமா என்று எழுதப்பட்ட குடல் கட்டிகளை மறுபடி சோதித்தபோது பெரும்பாலானவை ஜிஸ்ட்தான். குடலில் உண்மையான லியோமயோசர்கோமா மிக அபூர்வம். ஆகவே அந்தப் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால், எதை வைத்துச் சொன்னார்கள் என்று நான் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பேன்.

உங்கள் முதல் ரிப்போர்ட்டில் வைத்திருப்பது எஸ்.எம்.ஏ. ஒன்றுதான். அது மென்தசையில் ஒட்டும், சரி. ஆனால் ஜிஸ்டில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது ஒட்டும், டெஸ்மாய்டிலும் ஒட்டும். தனியாக நின்றால் அது மூன்றையும் பிரிக்காது. மென்தசை என்று உறுதியாகச் சொல்ல டெஸ்மின், ஹெச்-கால்டெஸ்மன் என்ற சாயங்களும் வேண்டும். அதில் டெஸ்மின் பலமாக இருந்து, சிடி117, டாக்1 இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆக, முதல் ரிப்போர்ட் தவறு என்று நான் சொல்லவில்லை, முடியாமல் நிற்கிறது என்கிறேன். ‘இருக்கலாம்’ என்று எழுதியதன் மூலம் அவர்களே அதைச் சொல்லியும் விட்டார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்தான் கவனிக்க வேண்டியது. கிட் புரதத்தைக் காட்டும் சாயம்தான் சிடி117. ஜிஸ்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை அது பாசிட்டிவாக வரும், பெரும்பாலும் அடர்த்தியாக, கட்டி முழுக்க வரும். மங்கலாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. கட்டி ஃபார்மலினில் சரியாக ஊறாமல் இருந்திருக்கலாம், 9 செ.மீ. கட்டியை வெட்டித் திறக்காமல் அப்படியே டப்பாவில் போட்டால் நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேராது, சாயம் சோர்ந்துவிடும். அல்லது உண்மையிலேயே ஜிஸ்ட் இல்லாத கட்டியில், சாயத்தின் வகையாலும் அளவாலும் போலியாக ஒட்டியிருக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் சில லேப்களில் டெஸ்மாய்டு இப்படித்தான் சிடி117 பாசிட்டிவ் ஆகி ஜிஸ்டாக வெளியே போனது. தோல் கேன்சரான மெலனோமாவிலும் விந்தகத்தில் வரும் செமினோமாவிலும்கூட இந்தச் சாயம் ஒட்டும். சாயம் வேலை செய்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: அதே ஸ்லைடில் அங்கங்கே இருக்கும், இயல்பாகவே கிட் புரதம் உள்ள மாஸ்ட் செல்கள் அடர்த்தியாகச் சாயமேறி இருக்க வேண்டும். அவை பளிச்சென்று இருந்து கட்டி மட்டும் மங்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கட்டிமேல் வரும். மாஸ்ட் செல்லும் மங்கலாக இருந்தால் சந்தேகம் லேப்மேல்.

இந்த இடத்தில்தான் டாக்1 தேவை. 2004-ல் அடையாளம் காணப்பட்ட அந்தப் புரதம் ஜிஸ்டில் சிடி117-க்குச் சமமாக, சில வகைகளில் அதைவிடவும் நன்றாக ஒட்டுகிறது, டெஸ்மாய்டில் ஒட்டுவதில்லை. இரண்டும் பலமாக இருந்தால், உருவமும் பொருந்தினால், ஜிஸ்ட் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். டெஸ்மாய்டு என்ற பக்கத்தைச் சோதிக்க பீட்டா-கேட்டனின் என்ற சாயம் வேண்டும். அது செல்லின் உட்கருவில் ஒட்டியிருக்க வேண்டும், வெளிப்பகுதியில் ஒட்டினால் அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் வெறுமனே ‘பீட்டா-கேட்டனின் பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தால் ‘உட்கருவிலா?’ என்று கேளுங்கள். உட்கருவில் ஒட்டாத டெஸ்மாய்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன, அப்போது சி.டி.என்.என்.பி.1 மரபணுவைப் பார்க்க வேண்டிவரும். கூடவே எஸ்100 போட்டால் நரம்புறைக் கட்டியான ஷ்வானோமாவையும், ஸ்டாட்6 போட்டால் சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டியையும் ஒதுக்கிவிடலாம்.

ஆக என் கணிப்பு இது: உங்கள் சர்ஜன் சொன்ன டெஸ்மாய்டு சந்தேகம் வீம்புக்குச் சொன்னது இல்லை. கையில் இருக்கும் சாட்சியத்தை வைத்து ஜிஸ்டுக்கு வாய்ப்பு அதிகம், டெஸ்மாய்டுக்கு ஓரளவு, லியோமயோசர்கோமாவுக்குக் குறைவு. இது வாய்ப்புக் கணக்குதான், நோய்க்கணிப்பு இல்லை. கட்டி குடல் சுவரிலிருந்தே முளைத்ததா, குடலைத் தாங்கும் மெசென்ட்ரியில் முளைத்துக் குடலை வந்து பிடித்ததா என்பது தெரிந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். மெசென்ட்ரி என்றால் டெஸ்மாய்டின் வாய்ப்பு ஏறும்.

‘பெயர் எதுவானால் என்ன, கட்டிதான் போய்விட்டதே’ என்று உறவினர்கள் சொல்வார்கள். அப்படி விட முடியாது. டெஸ்மாய்டு வேறு உறுப்புக்குப் பரவாது. இருந்த இடத்தில் மறுபடி முளைக்கும். முழுதாக எடுத்தாயிற்று என்றால் வழக்கமாக ஸ்கேனில் கண்காணிப்பார்கள், அவ்வளவுதான். லியோமயோசர்கோமா ரத்தம் வழியாகப் பரவும். பரவினால் டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ. ஜிஸ்டுக்கோ அந்தக் கீமோ ஏறக்குறைய வேலையே செய்யாது, அதற்கு இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 2000-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில், ஈரல்வரை பரவி வேறு வழியில்லாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக அதைக் கொடுத்தார்கள், கட்டிகள் வேகமாகச் சுருங்கின. 2002-ல் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. இதே மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது; வழக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அதே முடிவோடு முடிந்தது. இந்தியக் கம்பெனிகளின் இமாட்டினிப் இன்று நம் ஊர் மருந்துக்கடையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜிஸ்ட் என்றே முடிவானால் அத்தோடும் நிற்கக் கூடாது, கிட், பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணுச் சோதனை செய்ய வேண்டும். கிட்டின் 11-வது எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) கோளாறு இருந்தால் மாத்திரை நன்றாகக் கேட்கும். அதுதான் அதிகம் பேருக்கு இருப்பது. 9-வது எக்ஸான் கோளாறு இரைப்பையை விடச் சிறுகுடலில் அதிகம். பரவிய நோயில் அவர்களுக்கு 400 மி.கி.க்குப் பதில் 800 கொடுப்பதுண்டு. ஆபரேஷனுக்குப் பிந்தைய தடுப்பு மருந்தாகக் கொடுக்கும்போதும் 800 வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.வில் வரும் டி842வி என்ற ஒரு கோளாறுக்கு இமாட்டினிப் கேட்காது, ஆனால் அது இரைப்பைக் கட்டியில் காணப்படுவது, சிறுகுடலில் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இப்போது ‘கேன்சரா’ என்ற கேள்வி. ஜிஸ்டைப் பொறுத்தவரை ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் இல்லை. திரும்பி வரும் அபாயம் எவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். நான்கு விஷயம் பார்ப்போம்: கட்டியின் அளவு, 5 சதுர மி.மீ. பரப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, எந்த உறுப்பு, கட்டி உடைந்ததா. மியெட்டினென், லசோட்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த நோயாளிகளின் கணக்குப்படி, 5 முதல் 10 செ.மீ. வரையுள்ள கட்டியில் செல் பிரிவு 5-க்குள் இருந்தால், இரைப்பையில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது. சிறுகுடலில் அதே கட்டிக்கு 24 சதவீதம். செல் பிரிவு 5-க்கு மேல் போனால் இரைப்பையில் 55, சிறுகுடலில் 85. உங்கள் அம்மாவின் கட்டி ஜிஸ்ட் என்றால் இந்தச் சிறுகுடல் வரிசைதான் பொருந்தும். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் செல் பிரிவு எண்ணிக்கை இல்லை. ஜிஸ்ட் என்று எழுதிவிட்டு அந்த எண்ணை எழுதாத ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்பேன். 24-க்கும் 85-க்கும் இடையே இருக்கும் தூரத்தை அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. அபாயம் அதிகம் என்று வந்தால் இமாட்டினிப் மூன்று வருடம் தருவது இன்றைய வழக்கம். ஒரு வருடம் சாப்பிட்டவர்களை விட மூன்று வருடம் சாப்பிட்டவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆபரேஷனில் கட்டி கிழிந்ததா என்பதையும் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். கிழிந்திருந்தால் மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் அபாயம் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம்.

கேள்விக்குக் கீழே இன்னும் சிலர் தங்கள் வீட்டு ஸ்கேன்களைப் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். வயிற்றில் நீர் கோர்த்து, உள்சவ்வு தடித்து, சி.ஏ.125 என்ற ரத்தச் சோதனை எகிறியிருந்தால் சினைப்பைக் கேன்சர் என்று வீடே அழ ஆரம்பித்துவிடும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் அச்சு அசலாக இதே மாதிரிதான் வரும், அதிலும் சி.ஏ.125 ஏறும். லேப்ராஸ்கோப்பி வழியாகச் சதை எடுத்துப் பார்க்காமல் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுக்கும் பெரிய ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடியது அது. இன்னொன்று, மகாதமனியை ஒட்டி, ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி தெரிந்தால் ஊசி போட்டுச் சதை எடுப்பதற்கு முன் மெட்டநெஃப்ரின் சோதனை (அட்ரினலின் வகை ஹார்மோன் அதிகமா என்று காட்டுவது) செய்யச் சொல்லுங்கள். அது அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் பாராகாங்லியோமாவாக இருந்தால் ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். எப்போதோ விபத்தில் மண்ணீரல் கிழிந்து எடுத்தவருக்கு வயிற்றில் சிறு சிறு உருண்டைகள் தெரிந்தால், சிதறி வளர்ந்த மண்ணீரல் துண்டுகளா என்று முதலில் பாருங்கள். அதற்கென்று அணுக்கதிர் ஸ்கேன் இருக்கிறது, கத்தி வேண்டாம். வயிற்றின் பின்சுவரில் பெரிய ‘கொழுப்புக் கட்டி’ என்றால் எம்.டி.எம்.2 என்ற மரபணுவைப் பார்க்காமல் கேன்சர் இல்லாத சாதாரண லிப்போமா என்று நிம்மதி அடையாதீர்கள்.

மறுபடி அம்மாவுக்கு வருகிறேன். இப்போது இன்னொரு பெட் ஸ்கேனுக்குப் பணம் செலவழித்தால் பெயர் தெளிவாகாது. தெளிவு, கட்டியின் துண்டுகளை லேபில் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கில் இருக்கிறது. முதலில் கட்டி போன லேபில் எழுதிக் கேட்டு பிளாக், ஸ்லைடு இரண்டையும் வாங்குங்கள். தருவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு. எல்லா பிளாக்கையும் அள்ளி வராமல் ஒன்றிரண்டை அங்கேயே விட்டுவையுங்கள், வழியில் தொலைந்தால் கட்டியே தொலைந்த மாதிரி. வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும். ஆபரேஷன் குறிப்பு, இரண்டு முழு ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் எல்லாம் சேர்த்து சர்கோமா நிறையப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், வேலூர் சி.எம்.சி., அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், மும்பை டாடா மெமோரியல் ஆகியவை நீங்கள் யோசிக்கத்தக்கவை. டாக்1, மறுபடி சிடி117, டெஸ்மின், ஹெச்-கால்டெஸ்மன், எஸ்100, பீட்டா-கேட்டனின், செல் பிரிவு எண்ணிக்கை இவை வேண்டும் என்று உங்கள் டாக்டரின் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் சில வாரத் தாமதத்தால் கெடுதல் இல்லை. நான் சொன்ன மூன்று வருட ஆய்விலேயே ஆபரேஷன் முடிந்து 12 வாரம் வரை மாத்திரை ஆரம்பிக்க இடம் கொடுத்திருந்தார்கள்.

டெஸ்மாய்டு என்று முடிவானால் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. மெசென்ட்ரி டெஸ்மாய்டு சில சமயம் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் பரம்பரை நோயின் பகுதியாக வரும். அம்மாவுக்கு ஒரு கொலோனோஸ்கோப்பி தேவை; பாலிப் இருந்தால் அடுத்துப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும். இரண்டாவது ரிப்போர்ட்டை வைத்து யாராவது ஏற்கெனவே இமாட்டினிப் எழுதிக் கொடுத்து, அம்மா சாப்பிட ஆரம்பித்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் பிளாக் மறுபார்வைக்குப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.